மேற்கோள் எண்ணிக்கையைக் கேட்கும் படிவத்தை நிரப்புவது எப்படி? உயிர்மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணைப் பேராசிரியர் பதவிக்கு நான் முதன்முறை விண்ணப்பித்தபோது, படிவத்தின் ஒரே பக்கத்தில் இருந்த ஐந்து கட்டங்களை அரை மணி நேரத்தில் நிரப்பினேன். மொத்தக் கட்டுரைகள் எத்தனை, அவற்றில் முதல் ஆசிரியராக எழுதியவை எத்தனை, மொத்த மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் (5 என்றால், குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து), ஆய்விதழ்களின் தாக்கக் காரணி (ஆய்விதழின் கட்டுரை சராசரியாகப் பெறும் மேற்கோள்) ஆகியவை அந்தக் கட்டங்கள். ‘ஆதாரம் தெளிவில்லை’ என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. கூகுள் ஸ்காலரில் பார்த்து எச்-இன்டெக்ஸ் 11 என்று நான் எழுதியிருந்தேன். பரிசீலனைக் குழு ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடி 7 என்று கண்டது. அந்த ஏழும் என் கட்டுரைகளில் ஒரு பகுதியைக் கொண்டு மட்டுமே கணக்கிடப்பட்டது என்பதும், மீதிக் கட்டுரைகள் வேறொரு பெயர் வடிவத்தில் தனியாகக் கிடந்தன என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அடுத்த அறிவிப்பு வரும் வரை ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. முதன்முறையாக இத்தகைய படிவத்தைக் கையில் எடுக்கும் உங்களுக்கு அந்த ஓராண்டு வீணாகாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

1. கேட்பவர் எதைக் கணக்கில் எடுப்பார் என்பதை முதலில் படியுங்கள்

எந்தத் தரவுத்தளத்தையும் திறப்பதற்கு முன் அறிவிப்பை முழுமையாகப் படித்து, அதில் கட்டுரைகளைப் பற்றிய வரிகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவிகளுக்கு, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிமுறை, மூல ஆய்வுக் கட்டுரை, மெட்டா-பகுப்பாய்வு, முறைசார் மீள்பார்வை, நோயாளர் தொகுப்பு அறிக்கை (பல நோயாளிகளைச் சேர்த்து எழுதுவது) ஆகிய நான்கு வகைகளை மட்டுமே ஏற்றது. ஆய்விதழ் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், எம்பேஸ், டிஓஏஜே போன்ற, விதிமுறையில் பெயர் சொல்லப்பட்ட பட்டியல்களுள் ஒன்றில் இருக்க வேண்டும் என்றும், விண்ணப்பதாரர் முதல் மூன்று ஆசிரியர்களுள் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ (கட்டுரை குறித்த கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர்) இருக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. 2025-இல் ஆசிரியர் தகுதிகளுக்கான புதிய விதிமுறைகள் வெளிவந்துள்ளன. ஆகவே மூத்தவர்கள் நினைவிலிருந்து சொல்வதை நம்பாமல், உங்கள் அறிவிப்பு எந்த ஆண்டின் விதிமுறையைக் குறிப்பிடுகிறது என்று பார்த்து, அந்த அரசிதழ் நகலையே இறக்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கைகள் பத்து எழுதியிருப்பவர், 2022 விதிப்படி தமது பட்டியல் ஏறத்தாழ காலியாக இருப்பதைக் கடைசி நாளில்தான் உணர்கிறார். ஆய்வு நிறுவனங்களின் விஞ்ஞானிப் பதவிகளோ, வெளிநாட்டு நல்கைகளோ இப்படிப் பார்ப்பதில்லை. அவற்றில் சில ‘சிறந்த ஐந்து கட்டுரைகளை’ மட்டும் கேட்கின்றன. எனவே ஒரே பட்டியலை எல்லா இடங்களுக்கும் அனுப்ப முடியாது.

பல்கலைக்கழகப் பணிகளுக்கு விண்ணப்பிப்போர் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலை இன்னும் தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பட்டியல் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டுவிட்டது.

2. எண்ணிக்கைக்கு முன் பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழ்ப் பெயர் கொண்டவர்களுக்கு இதுவே மிகப் பெரிய சிக்கல். எனக்கு நேர்ந்த இழப்பில் பெரும்பகுதி இங்கேதான் நேர்ந்தது. தரவுத்தளங்கள் குடும்பப்பெயர் ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு இயங்குகின்றன. நமக்கோ தந்தையின் பெயரிலிருந்து வரும் ஒரு தலைப்பெழுத்துதான் உண்டு.

ச. முருகன் என்ற ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முனைவர் பட்ட மாணவராக எழுதிய கட்டுரைகளில் எஸ். முருகன் என்று போட்டார். மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடுதளமான பப்மெட்டில் அவர் ‘முருகன் எஸ்’ ஆனார். கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதினார். வெளிநாட்டில் முதுமுனைவர் ஆய்வு செய்தபோது கட்டுரைகள் முருகன் சண்முகம் என்ற பெயரில் வந்தன. இப்போது அவர் ‘சண்முகம் எம்’. ஊர் திரும்பிய பிறகு, உடனாசிரியர் ஒருவர் ஆய்விதழின் இணையப் படிவத்தில் குடும்பப்பெயர் என்று கேட்ட இடத்தில் தலைப்பெழுத்தையே தட்டிவிட்டார். அந்தக் கட்டுரையில் அவர் ‘எஸ் எம்’. ஒரு மனிதர், மூன்று பெயர்கள், மூன்று தனித்தனி எச்-இன்டெக்ஸ்கள். திருமணத்திற்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்தை விட்டுக் கணவரின் தலைப்பெழுத்துக்கு மாறிய பெண் ஆய்வாளர்களுக்கு இதில் இன்னும் ஒன்று கூடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ‘முருகன் எஸ்’ என்று தேடினால் பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் சேர்ந்து வரும். பப்மெட்டில் ஆசிரியரின் முழுப்பெயர் 2002 முதல்தான் பதிவாகிறது என்பதால், அதற்கு முந்தைய கட்டுரைகளில் தலைப்பெழுத்தைத் தவிர வேறு துப்பே கிடைக்காது.

செய்ய வேண்டியது இதுதான். இதுவரை உங்கள் பெயர் அச்சான எல்லா வடிவங்களையும், அந்தந்தக் காலத்தில் நீங்கள் இருந்த நிறுவனத்தின் பெயரையும், பயன்படுத்திய மின்னஞ்சலையும் ஒரு தாளில் எழுதுங்கள். இனி வரும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். என் கருத்தில் கடவுச்சீட்டில் உள்ள வடிவமே நல்லது, ஏனெனில் விசாவோ நல்கையோ கேட்கும்போது அதுதான் ஒப்பிடப்படும். பழைய கட்டுரைகளின் அச்சுப் பெயரை மாற்ற முயன்று நாட்களை வீணாக்க வேண்டாம். அவற்றை அடுத்த படியில் வரும் அடையாள எண்ணோடு இணைத்தால் போதும். சில அலுவலகங்கள், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தைக் கேட்கும். முத்திரைத்தாளும் நோட்டரி கட்டணமும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆகும் என்றாலும், அதைக் கடைசி நாளில் தேடி அலைவது கொடுமை.

3. ஆர்கிட் எண் பெறுங்கள்

ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண். பதிவு இலவசம், பத்து நிமிடம் போதும். நிறுவன மின்னஞ்சலோடு தனிப்பட்ட மின்னஞ்சலையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்; வேலை மாறிய நாளில் நிறுவன மின்னஞ்சல் மூடப்பட்டு, தமது கணக்குக்குள் தாமே நுழைய முடியாமல் தவித்தவர்களை அறிவேன். பிற பெயர்களைக் குறிப்பதற்கென்று அதில் ஓர் இடம் இருக்கிறது. இரண்டாம் படியில் எழுதிய எல்லா வடிவங்களையும் அங்கே இடுங்கள்.

கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டாம். தட்டச்சில் பிழை வரும். நீங்களே சொன்னது என்பதால் மதிப்பும் குறைவு. ஐரோப்பா பிஎம்சி, ஸ்கோபஸ் ஆகியவற்றிலிருந்து தேடி இணைக்கும் வசதி அங்கேயே உள்ளது. கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு தானாகப் புதுப்பிக்க ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், கட்டுரையை அனுப்பும்போது ஆர்கிட் எண்ணைக் கொடுத்திருக்கும் பட்சத்தில், புதிய கட்டுரைகள் தாமாகவே வந்து சேரும்.

ஏற்கெனவே இரண்டு ஆர்கிட் எண்கள் வைத்திருப்பவர்கள் பலர். ஆய்விதழ்கள் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று உருவாக்கியதால் வருவது இது. அமைப்புகள் பக்கத்தில் அவற்றை ஒன்றாக்கிவிடலாம்.

4. மூலப் பட்டியலை நீங்களே எழுதுங்கள்

ஒரு எக்செல் தாளைத் திறந்து, ஒரு வரிக்கு ஒரு கட்டுரை என எழுதுங்கள். தலைப்பு, அச்சான வரிசையிலேயே எல்லா ஆசிரியர்களும், ஆய்விதழ், ஆண்டு, தொகுதி, பக்கம், டிஓஐ, பப்மெட் எண், ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம், கட்டுரையின் வகை ஆகியவை நிரல்களாக இருக்கட்டும். இணையத்தில் முன்கூட்டியே வெளியான நாளும், இதழில் அச்சான நாளும் வேறுபட்டால் இரண்டையும் குறியுங்கள். டிசம்பரில் இணையத்திலும் அடுத்த மார்ச்சில் இதழிலும் வந்த கட்டுரைக்கு எந்த ஆண்டு என்ற கேள்வி, ‘கடந்த ஐந்து ஆண்டுகள்’ என்று வரையறுக்கும் படிவங்களில் உயிர்நாடியானது.

பயோஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ் போன்ற தளங்களில் இட்ட ப்ரீபிரிண்ட்களை (ஆய்விதழின் மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடும் வரைவுகள்) தனித் தலைப்பில் வையுங்கள். மாநாட்டுச் சுருக்கங்களும் அப்படியே. இவற்றைக் கட்டுரைகளோடு கலந்து எண்ணிக்கையைக் கூட்டியவர்களின் விண்ணப்பத்தில், குழு மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ‘சம பங்களிப்பு’ என்று கட்டுரையில் அச்சாகியிருந்தால் மட்டுமே உங்களை இணை முதல் ஆசிரியர் என்று குறிப்பிடுங்கள். அந்த அடிக்குறிப்பு உள்ள பக்கத்தையும் இணையுங்கள்.

பப்மெட் எண்கள் அனைத்தையும், பப்மெட்டை நடத்தும் என்சிபிஐ அமைப்பின் கணக்கில் உள்ள ‘மை பிப்லியோகிராஃபி’ பகுதியில் சேமித்துக்கொள்ளலாம், கணக்கு இலவசம்.

5. மூன்று தரவுத்தளங்களிலும் உங்கள் பக்கத்தைத் திருத்துங்கள்

ஸ்கோபஸ் உங்களைக் கேட்காமலே உங்களுக்கு ஓர் ஆசிரியர் எண்ணை உருவாக்கியிருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று இருக்கும். சந்தா இல்லாமலேயே ஆசிரியர் தேடலைப் பயன்படுத்தி, எல்லாப் பெயர் வடிவங்களையும் தேடி, உங்களுடைய எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை ஒன்றாக்கும்படி திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. என் கோரிக்கை முடிய மூன்று வாரங்கள் ஆயின; ஒரு கட்டுரை விடுபட்டுப் போனதால் இரண்டாம் முறை அனுப்ப வேண்டியிருந்தது. ‘பணம் கொடுத்தால் ஸ்கோபஸ் பக்கத்தைச் சரிசெய்து தருகிறோம்’ என்று வரும் மின்னஞ்சல்களை உடனே அழித்துவிடுங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மற்றொரு மேற்கோள் தரவுத்தளத்தில் ஆய்வாளர் பக்கத்தை இலவசமாக உருவாக்கி உரிமை கோரலாம். ஆனால் முழுத் தேடலுக்குச் சந்தா வேண்டும். உங்கள் நிறுவனத்தில் இல்லையென்றால், அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் நூலகரிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் எடுத்தேன், நூலகர் சொல்லிக் கொடுத்தது எந்தக் காணொளியிலும் கிடைக்காதது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் ஆய்விதழ்களைப் படிக்கத் தருவது. அதில் நிறுவனம் சேர்ந்திருப்பதாலேயே இத்தரவுத்தளமும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கூகுள் ஸ்காலரில் செய்ய வேண்டிய வேலை வேறு. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, உங்கள் ஒப்புதலைக் கேட்கும்படி மாற்றுங்கள். இல்லையேல் உங்கள் பெயரைக் கொண்ட இன்னொருவரின் இயந்திரவியல் கட்டுரை ஒரு நாள் உங்கள் பட்டியலில் உட்கார்ந்திருக்கும்; நேர்காணலில் அதைக் குழுவே முதலில் பார்க்கும். என் பக்கத்தில் நெல் விளைச்சலைப் பற்றிய கட்டுரை ஒன்று நெடுநாள் இருந்தது. இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும்போது மேற்கோள் எண்ணின் அருகே ஒரு நட்சத்திரக் குறி தோன்றும், அது பிழையன்று.

6. எண்களை எடுக்கும் முறை

ஒரே நாளில், ஒரே அமர்வில், எல்லாத் தரவுத்தளங்களிலும் எண்களை எடுங்கள். ஒவ்வோர் எண்ணின் அருகிலும் எங்கிருந்து, எந்த நாளில் என்று எழுதுங்கள். ‘எச்-இன்டெக்ஸ் 9, ஸ்கோபஸ், 14 ஜூலை’ என்ற வரியை யாரும் மறுக்க முடியாது. ‘எச்-இன்டெக்ஸ் 9’ என்ற வரியை யாரும் நம்ப வேண்டியதில்லை.

எச்-இன்டெக்ஸைக் கையால் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கோள்களை இறங்குவரிசையில் வையுங்கள்: 40, 22, 11, 6, 5, 3. ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள்கள் உள்ளன. ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆக எச்-இன்டெக்ஸ் 5. பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்றவை மூன்று என்பதால், ஸ்காலர் காட்டும் ஐ10-இன்டெக்ஸ் 3. ஸ்காலர் எண் பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும். ஆய்வேடுகள், ப்ரீபிரிண்ட்கள், கல்லூரித் தளத்தில் ஏற்றிய கோப்புகள் முதலியவற்றிலிருந்து வரும் மேற்கோள்களையும் அது சேர்க்கிறது. படிவம் தரவுத்தளத்தின் பெயரைச் சொல்லாவிட்டால், நான் ஸ்கோபஸ் எண்ணை முதலிலும் ஸ்காலர் எண்ணை அடுத்தும் எழுதுகிறேன். தன்மேற்கோள்களை (தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டியவை) நீக்கிய எண்ணை ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தரும். கேட்காவிட்டாலும் அதையும் கொடுப்பது நல்லது.

மொத்த மேற்கோள் எண்ணிக்கை துறைக்குத் துறை பெரிதும் மாறும் என்பதைக் குழுவுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். புரதத்தின் அளவை அளக்கும் முறையைப் பற்றி லௌரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது; ஆய்வகங்கள் அனைத்தும் அந்த முறையைப் பயன்படுத்தியதே காரணம். அரிய ஒட்டுண்ணி ஒன்றைப் பற்றி எழுதுபவருக்கு முப்பது மேற்கோள்களே பெரிய எண்ணாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை ஈடுசெய்ய, அமெரிக்காவின் என்ஐஎச் நிறுவனம் நடத்தும் ஐசைட் என்ற இலவசக் கருவி உதவும். பப்மெட் எண்களை அதில் ஒட்டினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்’ கிடைக்கும். உங்கள் கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளைக் கொண்டு அது துறையை வரையறுக்கிறது. என்ஐஎச் நிதியில் எழுதப்பட்ட கட்டுரைகளின் இடைநிலை மதிப்பு 1.0. எனவே 2.3 பெற்ற கட்டுரை, மேற்கோள் 25 மட்டுமே ஆனாலும், தன் துறையில் நன்கு கவனிக்கப்பட்டது என்று காட்ட முடியும். மிக அண்மைக் கட்டுரைகளுக்கு இந்த விகிதம் தற்காலிகமாகவே இருக்கும், அல்லது இராது.

உலக விஞ்ஞானிகளில் முதல் 2 சதவீதத்தினர் என்ற பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து தொகுப்பது அது. வாழ்நாள் முழுமைக்கும் ஒன்று, ஓர் ஆண்டின் மேற்கோள்களுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் உள்ளன. நம் கல்லூரி வாயில்களில் தொங்கும் பதாகைகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. உங்கள் பெயர் இருந்தால் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ‘விருது’ என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள்.

7. ஆய்விதழுக்கான சான்று

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, பப்மெட்டில் கட்டுரை தெரிவதாலேயே ஆய்விதழ் மெட்லைனில் இருக்கிறது என்று பொருளில்லை. பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரையாக ஏற்றப்பட்டவையும் பப்மெட் தேடலில் வரும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணைத் தளத்தில் ஆய்விதழின் பெயரைத் தேடினால், அது தற்போது மெட்லைனில் சேர்க்கப்பட்டுள்ளதா என்ற வரி இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுங்கள்.

இரண்டாவது, தாக்கக் காரணியின் ஆண்டு. வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இதை வெளியிடுகிறது. 2025 ஜூனில் வந்தது 2024-க்குரிய எண். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் அந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது அது. கட்டுரை வெளியான ஆண்டின் எண்ணா, இன்றைய எண்ணா என்று படிவம் சொல்லாவிட்டால் இரண்டையும் கொடுங்கள். ஆய்விதழின் முகப்பில் மின்னும் எண்ணை நகலெடுக்காதீர்கள். ‘உலகத் தாக்கக் காரணி’ போன்ற பெயர்களில் காசுக்கு எண் விற்கும் கடைகள் பல உள்ளன.

மூன்றாவது, நீக்கப்பட்ட ஆய்விதழ்கள். 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. உங்கள் கட்டுரை வெளியான நாளில் ஆய்விதழ் பட்டியலில் இருந்ததா என்பதே கேள்வி. ஸ்கோபஸின் ஆய்விதழ்ப் பக்கம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்பதைச் சந்தா இல்லாமலே காட்டும். கூடவே, உங்கள் கட்டுரைகளில் எதுவும் திரும்பப் பெறப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பப்மெட்டில் ஒருமுறை பாருங்கள்; உடனாசிரியர்கள் எல்லோருக்கும் செய்தி சொல்லிவிடுவார்கள் என்ற உறுதி இல்லை.

8. கட்டும் தாள்களும் செலவும்

ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் பக்கம், ஆசிரியர் பங்களிப்பு அச்சான பக்கம், ஆய்விதழின் பட்டியல் சான்று ஆகியவற்றை, சுயசான்றொப்பமிட்டு, மூலப் பட்டியலின் வரிசை எண்ணைத் தலையில் எழுதி அடுக்குங்கள். ஏற்கப்பட்டும் இன்னும் வெளியாகாத கட்டுரைக்கு, ஏற்புக் கடிதம் தேவை. கட்டண ரசீது அதற்கு ஈடாகாது. திரைப்பிடிப்புகளில் இணைய முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். கைப்பேசியில் எடுத்தவை பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிடும். இருபத்திரண்டு கட்டுரைகளுக்கு, நகலும் ஸ்பைரல் பைண்டிங்கும் விரைவு அஞ்சலும் சேர்ந்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டே ஆயிற்று. இந்த வேலை முழுவதிலும் கட்டாயச் செலவு இதுவும், தேவைப்பட்டால் நோட்டரியும் மட்டுமே.

9. எப்போது தொடங்க வேண்டும்

கடைசி நாளுக்கு எட்டு வாரங்கள் முன்பு தொடங்குங்கள். பெயர்ப் பட்டியலும் ஆர்கிட்டும் மூலப் பட்டியலும் முதல் வாரத்திலேயே முடியும். ஸ்கோபஸ் திருத்தக் கோரிக்கையை அந்த வாரமே அனுப்பிவிட வேண்டும். அது நம் கையில் இல்லாத ஒரே வேலை. அது சரியாகும் வரை எண்களை எடுக்காமல், ஆய்விதழ்ச் சான்றுகளைத் திரட்டுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு எண்களை எடுத்து, அன்றே படிவத்தை நிரப்புங்கள்.

விண்ணப்பித்த நாளுக்கும் நேர்காணலுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடும். நேர்காணலுக்கு முந்தைய நாள் மீண்டும் எண்களை எடுத்து, பழைய தாளின் கீழே புதிய தேதியுடன் எழுதிக்கொண்டு போங்கள். எண் குறைந்திருந்தாலும் பதற வேண்டியதில்லை. இரட்டைப் பதிவுகள் ஒன்றாக்கப்படும்போதும், தவறாகச் சேர்ந்த மேற்கோள்கள் திருத்தப்படும்போதும் அப்படி நடக்கும். எனது இரண்டாம் நேர்காணலில் குழு உறுப்பினர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து என் பெயரைத் தேடிவிட்டு, நான் எழுதியதைவிட ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டார். தேதியைக் காட்டினேன், அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.